ரொட்டிக்காரருக்காக நான் கேட்ட துஆ

அந்தப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. முதல் தாளின் நடுவில் பெரிதாக ஒரு வட்டக் கறை இருக்கும். சுடச்சுடக் குபூஸ் ரொட்டியை அதன்மேல் வைத்த தடம். இங்கிலீஷ் கதைப் புத்தகம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதில் ஒரு பக்கத்தைக்கூட வாசித்து விளங்கிக்கொள்ள எனக்கு வராது. ஆனாலும் பதினைந்து வருடமாக, இங்கே வளைகுடாவிலேயே மூன்று வீடு மாறிய பிறகும், பாஸ்மதி அரிசிப் பை ஒன்றில் சுற்றி அதை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். மேல்தட்டில் குர்ஆனும் கிதாபுகளும் இருக்கின்றன. "படிக்கத் தெரியாத புத்தகத்துக்கு எதுக்கு இந்தக் காவல்?" என்று வீடு மாறும்போதெல்லாம் என் வீட்டுக்காரி கேட்பாள். "ஒருத்தர் தந்த பொருள், இருந்துட்டுப் போகட்டும்" என்பேன். முழுக் காரணத்தை அவளிடமும் நான் சொன்னதில்லை.

போன வாரம் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள் தரையில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தன் உம்மாவுக்கு, பள்ளியில் படிக்கக் கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தின் கதையைப் பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உம்மா, அந்த ஊர்ல புக் வச்சிருந்தாலே தப்பு. எல்லாத்தையும் பேக்கரி அடுப்புல போட்டு எரிக்கணும். பேக்கருக்குப் படிக்கவே தெரியாது. பட் அவன் தினமும் ஒரு புக்கை மாவு மூட்டைக்குள்ள ஒளிச்சு வைப்பான்." எனக்கு ஒரு காலில் செருப்பு, மறுகாலில் இல்லை, அப்படியே வாசலில் நின்றுவிட்டேன். காணாமல் போன சொந்தக்காரரை ஏர்போர்ட் கூட்டத்தில் திடீரென்று பார்த்தால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும், அப்படி அடித்தது. "அதுல அட்டை கிழிக்கிற பொம்பளை ஒருத்தி வருவாளா?" என்றேன். மகள் நிமிர்ந்தாள். "வாப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அந்தக் கதையைச் சொன்னவர் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி.

அப்போது நான் புஜைராவில் ஒரு பக்காலாவில், அதாவது சின்ன மளிகைக் கடையில், சேல்ஸ்மேன். ரூமில் மூன்று பேர். கீழ்க்கட்டிலில் நான். எதிர்க்கட்டிலில் என் வாப்பாவுடைய தம்பி, சாச்சா. துறைமுகத்தில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல் வேலை. எனக்கு மேல்கட்டிலில் அந்தத் தம்பி. கப்பல் ஏஜென்சி ஆபீஸில் டைப் அடிப்பார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அவர்கள் ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில் என்னை "நானா" என்று கூப்பிடுவார். சைவர். லாக்கருக்குள்ளே ஒரு சின்னப் பிள்ளையார் படம் ஒட்டியிருப்பார். டியூட்டிக்குக் கிளம்பும்போது லாக்கரைத் திறந்து ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றுவிட்டுப் போவார். பாங்கு சொன்னால் ரேடியோவை நிறுத்துவதில் எங்கள் இரண்டு பேரையும்விட அவர் முந்திக்கொள்வார்.

எங்கள் ரூமுக்கு நேர் கீழே ஒரு பட்டாணி பாயின், அதாவது பதான்காரரின், ரொட்டிக் கடை. அடுப்புச் சூடு தரை வழியாக மேலே ஏறும். குளிர்காலத்தில் அது எங்களுக்கு நிஃமத்து, இறைவன் தந்த அருள். வெயில்காலத்தில் சாச்சா அந்த அடுப்பைத் திட்டாத நாள் கிடையாது. பட்டாணி பாய் ரொட்டியைப் பழைய பேப்பரில் வைத்துத்தான் நீட்டுவார். அவர் வேகத்துக்கு எந்தத் தாள் கைக்கு வருகிறதோ அது. ஒருநாள் தம்பி ஐந்து ரொட்டி வாங்கிக்கொண்டு மேலே வந்தார். ரொட்டிக்கு அடியில் இருந்தது ஒரு இங்கிலீஷ் கதையின் முதல் தாள். படி ஏறும்போதே அதைப் படித்திருக்கிறார். ரொட்டியை என் கையில் திணித்துவிட்டு வந்த வேகத்தில் கீழே ஓடினார். கப்பல்காரர் யாரோ விட்டுப்போன புத்தகம் பழைய பேப்பர்க் கட்டோடு சேர்ந்து அடுப்பங்கரைக்கு வந்திருக்கிறது. திரும்பி வந்தபோது இந்தப் புத்தகம் கையில், அதன்மேல் ஆவி பறக்க இன்னொரு ரொட்டி. "புத்தகம் வேணுமெண்டு கேட்டன் நானா. ரொட்டி வாங்கினாத்தான் பேப்பர் எண்டிட்டார்" என்று மூச்சு வாங்கச் சிரித்தார். எந்தெந்தத் தாள் எந்தெந்த வீட்டுக்கு ரொட்டியோடு போயிற்றோ என்று அன்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாச்சாவின் நெய்ச்சோற்றையும் சாப்பிட்டுவிட்டால் அஸர் வரை எங்களுக்கு வேலை இல்லை. அந்த நேரம்தான் கதை நேரம். தம்பி மேல்கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்காருவார். ஒரு பக்கத்தை மனதுக்குள் வாசிப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதைத் தமிழில் சொல்வார். ஒரு ஊரில் சண்டை சச்சரவுக்கெல்லாம் புத்தகம்தான் காரணம் என்று அரசாங்கம் முடிவு பண்ணிவிட்டது. வீட்டில் உள்ள புத்தகத்தை எல்லாம் தெருமுனை ரொட்டிக் கடையில் கொடுத்துவிட வேண்டும். ஒரு புத்தகத்துக்கு ஒரு ரொட்டி. அந்தப் புத்தகத்தை எரித்த நெருப்பில்தான் அந்த ரொட்டியும் வேகும். ரொட்டிக்காரருக்கு எழுத்து வாசனையே கிடையாது, பெரிய உடம்பு, கையெல்லாம் சூட்டுத் தழும்பு. அவருக்குப் பக்கத்தில் அரசாங்கம் ஒரு விதவைப் பெண்ணை உட்கார்த்தி வைத்திருந்தது. அட்டையோடு எரித்தால் ரொட்டியில் நாற்றம் ஏறும். அதனால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டையைக் கிழித்து அப்புறப்படுத்துவது அவள் வேலை. ஒரு புத்தகத்தை வைத்திருந்த குற்றத்துக்காக அவள் புருஷனைக் கொண்டுபோனார்கள், அவன் திரும்பவில்லை. அவளுக்கோ கொண்டுபோனவர்களைவிடப் புத்தகத்தின் மேல்தான் ஆத்திரம். மூன்றாவது ஆள் ஒரு அதிகாரி. நல்ல படிப்பாளி, மரியாதையாகப் பேசுவார், தினமும் வந்து சூடாக ஒரு ரொட்டி வாங்கித் தின்றுவிட்டுப் போவார். "படிச்ச மனுசன் எப்பிடி இதைச் செய்யிறார்?" என்று தம்பி கதையை நிறுத்திவிட்டு அவரே கேட்டார். "படிச்சவனுக்குத்தான்டா தெரியும், எது நல்லா எரியும்னு" என்றார் சாச்சா.

அட்டை கிழிக்கிறவளைச் சாச்சாவுக்கு ஆகாது. "இவதான் காட்டிக் கொடுப்பா பாரு" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். எங்கள் புத்தகத்துக்கு அட்டை இல்லாததற்கும் அவளையே குற்றம் சொன்னார். "இங்கேயும் வந்து கிழிச்சுட்டுப் போயிருக்கா. தம்பி, லாக்கரை நல்லாப் பூட்டு."

ரொட்டிக்காரர் ஏன் புத்தகங்களை ஒளித்து வைக்கிறார் என்பதுதான் எங்களுக்குள் பெரிய வழக்கு. படிக்கத் தெரியாத மனுஷனுக்குப் புத்தகம் எதற்கு? "விக்கத்தான்டா. நாளைக்கு ஆர்டர் மாறுனா ஒண்ணுக்குப் பத்தா விப்பான்" என்பார் சாச்சா. தம்பி ஒத்துக்கொள்ள மாட்டார். "இல்லை சாச்சா, அது பயம். தான் செய்யிறது பாவமெண்டு அந்தாளுக்கு உள்ளுக்க ஒரு பயம்." எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. லீவில் ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியை, பையை எங்களிடம் வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்பது கிடையாது. அவர்கள் வந்து கேட்கும்வரை அது அமானத், நம்பி ஒப்படைத்த பொருள். அதைத்தான் சொன்னேன். "புத்தகத்தைக் குடுக்கும்போது அந்த ஜனங்க அழுதாங்கல்ல தம்பி? அழுதுகிட்டே ஒருத்தர் கையில ஒண்ணைக் குடுத்தா அது அமானத். அது என்ன பொருள்னு அவருக்குத் தெரியணும்னு இல்ல. காப்பாத்தித் திருப்பிக் குடுக்கணும், அவ்வளவுதான்." தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய ஆலிம்சா ஃபத்வா சொல்லிட்டாரு. கதையச் சொல்லு" என்றார் சாச்சா.

கதை பாதிக்கு மேல் போனபோது ஊரிலிருந்து அந்தப் போன் வந்தது. என் வீட்டுக்காரிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, மதுரையில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். என் பாஸ்போர்ட் அப்போது விசா அடிக்கப் போயிருந்தது. கையில் பாஸ்போர்ட் இல்லாதவன் கடலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க முடியும். குழந்தை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே என்றார்கள். கடையில் ஆள் இல்லாத நேரம் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் வைத்துப் பார்ப்பேன். இவ்வளவுதானா என் பிள்ளை என்று தோன்றும். திரும்ப அடுக்கில் வைக்க மனசு வராது. ஒருநாள் தம்பி ஷாம்பு வாங்க வந்தபோது நான் அப்படி நிற்பதைப் பார்த்துவிட்டார். என்ன என்று கேட்டார். சொன்னேன். ஷாம்பு வாங்காமலே போய்விட்டார்.

அந்த நாட்களில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். சகுனம் பார்ப்பது மார்க்கத்தில் கூடாது. சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், எப்படி என்று சொல்லத் தெரியவில்லை, மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கதையில் ரொட்டிக்காரர் பிழைத்தால் என் பிள்ளையும் பிழைக்கும். அவர் போய்விட்டால்... அதற்கு மேல் நினைக்க மாட்டேன். நாலு வாரம் இப்படியே போய், ஒரு வெள்ளிக்கிழமை தம்பி புத்தகத்தைத் திறக்கும் முன்னால் என்னையறியாமல் கையை ஏந்திவிட்டேன். "யா அல்லாஹ், என் பிள்ளைக்கு ஹயாத்தைக் கொடு, ஆயுசைக் கொடு. அந்த ரொட்டிக்காரரையும் காப்பாத்து" என்று வாய்விட்டே கேட்டேன். கண்ணீர் தாடியில் இறங்கியது. சாச்சா பதறிப்போய், பதற்றத்தை மறைக்கக் கிண்டல் பண்ணினார். "ஏன்டா, கதையில உள்ளவனுக்கு துஆ கேக்குறியே, அவன் தொழுவானா மாட்டானான்னு விசாரிச்சியா?" நான் அழுதபடியே சிரித்துவிட்டேன். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

அன்றுதான் கதை உச்சத்துக்கு வந்தது. அதிகாரி கடைக்குள் வருகிறார். வழக்கம்போல ரொட்டி கேட்கவில்லை. மாவு அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறார். ரொட்டிக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அட்டை கிழிக்கிறவள் எழுந்து, பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள். அந்த இடத்தில் தம்பி நிறுத்தினார். இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்தார். "மிச்சத்தை அடுத்த கிழமை சொல்லட்டே நானா?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்ல தம்பி. இன்னைக்கே சொல்லுங்க." என் முகத்தைப் பார்த்தார். மேல்கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார்.

சாவி அடுப்புக்குள் விழுந்துவிட்டது என்று அவள் சொல்கிறாள். அதிகாரி குனிந்து அடுப்பு வாய்க்குள் எட்டிப் பார்க்க, பொசுக்கென்று மீசை கருகிப் போகிறது. சாச்சா கட்டிலில் புரண்டு சிரித்தார். அந்தக் குழப்பத்தில் ரொட்டிக்காரர் மாவு மூட்டைகளை ஒரு மீன் படகில் ஏற்றிக்கொண்டு கடலில் இறங்குகிறார். பல நாள் அலைந்து ஒரு கரையைப் பார்க்கிறார். புல்லே முளைக்காத மலைகள், அதன் அடியில் வெள்ளை வெள்ளையாக எண்ணெய்த் தொட்டிகள், துறைமுகத்துக்குள் நுழையக் காத்து வரிசையாக நிற்கும் கப்பல்கள். அங்கே இறங்கி, மூட்டையைப் பிரித்து, மாவைத் தட்டித் தட்டி ஒவ்வொரு புத்தகமாக வெளியே எடுக்கிறார். அவ்வளவுதான் கதை. நான் எழுந்து ஒளு செய்து இரண்டு ரக்அத் தொழுதேன். ரொட்டிக்காரர் கரை சேர்ந்ததற்காகச் சாச்சா சேமியாப் பாயசம் காய்ச்சினார். அட்டை கிழிக்கிறவளுக்கும் சேர்த்து ஒரு கிளாஸ் ஊற்றி வைத்து, பிறகு அதையும் அவரே குடித்தார்.

செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து போன். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தாயிடம் கொடுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த வருடம் தம்பிக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. போகும் அன்று இந்தப் புத்தகத்தை என் கையில் தந்தார். "இது உங்களிட்டையே இருக்கட்டும் நானா. இதைப் பற்றி உங்களோட ஒருக்காக் கதைக்க வேணும். பிறகு கதைப்பம்" என்றார். டாக்சி ஹாரன் அடித்தது. பிறகு பெருநாளைக்கும் பொங்கலுக்கும் போனில் பேசிக்கொண்டோம். குடும்பத்தைப் பற்றிக் கேட்டோம், உடம்பைப் பற்றிக் கேட்டோம். இதைப் பற்றி மட்டும் பேசவில்லை. நாலு வருடத்துக்கு முன் சாச்சா மவுத்தாகி அடக்கம் செய்த அன்று தம்பி போனில் அழுதார்.

இதெல்லாம் என் நெஞ்சில் ஓடி முடிய ஒரு நிமிடம் ஆகியிருக்காது. மகளிடம் பெருமையாக, எனக்கு முடிவுகூடத் தெரியும் என்று, படகையும் துறைமுகத்தையும் சொன்னேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள். "இல்ல வாப்பா. அவன் எங்கேயும் போகலையே. செத்துப் போயிடுவான்."

என் முடிச்சைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பாடத்தைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள். சாவி தன்னிடம்தான் இருக்கிறது, ஒளித்தது நான்தான் என்று அந்தப் பெண் சொல்கிறாள். ரொட்டிக்காரர் குறுக்கே வந்து, "இவளுக்குக் கிழிக்க மட்டும்தான் தெரியும், ஒளித்தது நான்" என்கிறார். அவரைக் கொண்டுபோகிறார்கள். சிறையில் இறந்துவிட்டார் என்று ஒரு மாதம் கழித்துச் செய்தி வருகிறது. அவரைக் கொண்டுபோன மறுநாள் காலையில் தெரு ஜனங்கள் அடுப்பு அணைந்திருக்கும் என்று வந்து பார்த்தால் புகை போகிறது. அவள் அடுப்பு மூட்டியிருக்கிறாள். இத்தனை நாளாகக் கிழித்த அட்டைகளையெல்லாம் அவள் தூர எறியாமல் அடுக்கி வைத்திருந்தாள். அதை எரித்து ரொட்டி சுடுகிறாள். புகையைப் பார்த்து அதிகாரிகள் திருப்தியாகப் போகிறார்கள். அறையைத் தேடியவர்கள் கையில் சிக்காத உள்தாள்கள் எல்லாம் மாவுக்குள் பத்திரமாக இருக்கின்றன.

என் காதில் பாதிதான் ஏறியது. ரொட்டிக்காரர் இறந்துவிட்டார். நான் பாயசம் குடித்த அன்றும் இறந்துதான் இருந்திருக்கிறார். அப்படியானால் நான் போட்ட முடிச்சு? ஒரு கணம் பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. பிறகு எதிரே பார்த்தேன். பதினாறு வயது. விரலெல்லாம் பேனா மை. பின்னலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, வாப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று முழித்துக்கொண்டு நிற்கிறாள். ரொட்டிக்காரர் போய்விட்டார், என் பிள்ளை இருக்கிறாள். ஒரு கதையின் நூலில் அவள் உயிரைக் கட்டிவிட்டேனே என்று பதினாறு வருடமாக ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நான் உள்ளுக்குள் நடுங்கியது யாருக்கும் தெரியாது. எந்த நூலும் இல்லை. கொடுத்தவன் கொடுத்தான், அவன் நாடியதால் கொடுத்தான். அப்படியே கிப்லாப் பக்கம் திரும்பி, நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தேன். எழுந்தபோது நெஞ்சில் இருந்த ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. வீட்டுக்காரியும் மகளும் பயந்துபோனார்கள். அன்றுதான் இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "இதைப் போயி எங்கிட்ட மறைச்சீங்களே மச்சான்" என்று வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்றாள்.

அரிசிப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். மகள் தன் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துத் தாள் தாளாகப் பார்த்தாள். "வாப்பா, இதுல கடைசிப் பதினோரு பக்கம் இல்ல. அந்த லேடி வாயைத் திறக்கிறதோட முடியுது." உடனே குவைத்துக்குப் போன் போட்டேன். தம்பி அப்பாசியாவில் வீட்டில்தான் இருந்தார். பின்னால் அவர் பிள்ளைகள் சத்தம். ஸ்பீக்கரில் போட்டேன். அவர் சொன்ன சலாமுக்குப் பதில் சொல்லும் முன்னாலேயே கேட்டேன்: "தம்பி, அட்டை கிழிக்கிறவ வாயைத் திறந்தாளே, என்ன சொன்னா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "நானா... முழுப் புத்தகம் கிடைச்சிட்டுதோ?"

"கிடைச்சுடுச்சு."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா. முடிவு இல்லையெண்டு எனக்கு முதல் நாளே தெரியும். கடைசியில சொல்லிச் சிரிப்பமெண்டுதான் இருந்தனான். பிறகு நீங்கள் கை ஏந்தினீங்கள். கை ஏந்தின ஆளிட்ட, மிச்சத் தாள் ரொட்டியோட போயிட்டுது எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப அந்தத் துறைமுகம்?"

"ஜன்னலால தெரிஞ்சதைத்தான் சொன்னனான். எனக்கு வேற எந்தத் துறைமுகம் தெரியும்?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அவர் குரல் மாறியது. அந்த மேல்கட்டில் குரல். "பெயர் தெரியாத புத்தகம் நானா, போற கடையெல்லாம் கதையைச் சொல்லிச் சொல்லித் தேடினனான். சொல்லுங்கோ, ஆள் தப்பினவரோ?" போனை மகளிடம் நீட்டினேன். "இவகிட்டக் கேளுங்க தம்பி. அந்தச் சர்க்கரைப் பொட்டலம்தான் பேசப்போகுது."

அவள் முடிவைச் சொன்னாள், தனக்குத் தெரிந்த தமிழில், தட்டித் தடுமாறி. ரொட்டிக்காரர் இறந்த இடத்தில் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அட்டைகளை எரித்த இடத்தில், "அந்த மனுசியை நாங்கள் எவ்வளவு பிழையா நினைச்சிட்டம், சாச்சா கேட்டிருக்க வேணும்" என்றார். பிறகு மகள் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டாள். "அங்கிள், பேக்கருக்குப் படிக்கத் தெரியாது, ஏன் ஒளிச்சு வச்சான்னு திங்கட்கிழமை நான் கிளாஸ்ல எழுந்து சொல்லணும். நீங்க ஏன் முடிவை மாத்துனீங்க? அதையும் சொல்லுங்க."

"ரெண்டுக்கும் ஒரு பதில்தான் பிள்ளை. அது உங்கட வாப்பா சொன்னது. அழுதுகொண்டு ஒராள் கையில ஒண்டைத் தந்தா, அது அமானத். அண்டைக்கு அவர் அழுதுகொண்டு அந்த ரொட்டிக்காரரை என்ர கையில தந்தவர். எரிக்க எனக்கு மனம் வரேல்லை."

திங்கட்கிழமை என் மகள் வகுப்பில் அந்த அரபுச் சொல்லைச் சொல்லி, இங்கிலீஷில் அதற்கு விளக்கமும் சொல்லியிருக்கிறாள். டீச்சர் அதைப் போர்டில் எழுதினாராம். வரும் வழியில் கடைசிப் பதினோரு பக்கத்தையும் எனக்காக ஜெராக்ஸ் எடுத்து வந்தாள். தம்பி சொன்ன முடிவை நான் நோட்டுத் தாளில் தமிழில் எழுதி வைத்திருந்தேன், நாலு பக்கம் வந்தது. இரண்டையும் புத்தகத்தின் பின்னால் சேர்க்கலாம் என்று மேஜையில் அடுக்கி வைத்துவிட்டு மக்ரிப் தொழப் போனேன். திரும்பி வந்தால், வீட்டுக்காரி அவசரத்தில் கவனிக்காமல், கடையிலிருந்து வந்த குபூஸைப் பையிலிருந்து எடுத்துச் சுடச்சுட அந்தத் தாள்களின் மேலேயே வைத்திருக்கிறாள். "ஐயோ, பார்க்கலையே மச்சான்" என்று ரொட்டியைத் தூக்கினாள். என் கையெழுத்தின் நடுவில் பெரிதாக ஒரு வட்டம், இன்னும் ஆவி அடங்கவில்லை. மகள் வேறு தாளில் எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். ஆறும்வரை காத்திருந்து, அப்படியே உள்ளே வைத்து, அரிசிப் பையில் சுற்றினேன்.